இண்டைக்குச் சத்தம் வரும்

இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது போல, தேத்தண்ணி குடிக்கப் போன கால்களெல்லாம் என் தலைக்கு மேலே திரும்பி வந்துவிட்டன, மடக்கு இருக்கைகள் படபடவென்று விரிந்து அடங்கிவிட்டன, இனி ஆட்டம் முடியும்வரை நான் இந்தத் தோய்க்கிற மெஷின்களோடு இருந்து காது கொடுக்க வேண்டியதுதான். எதிராளிகள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அது மைதானத்தின் மற்றப் பக்கத்திலிருந்து வந்த சத்தம், மழைக்குள் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போவது மாதிரி மெல்லியதாக வந்தது, என் கூரை அசையவில்லை, அதனால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் கூரை என்பது மேலே இருக்கிறவர்களுக்குத் தரை. பார்வையாளர் படிகளுக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை, மூன்று மெஷின்கள், ஒரு நீள மேசை, எழுத்து ஒட்டுகிற சூட்டு மெஷின், நான் இருக்க ஒரு கதிரை. ஹோல்டன்பிரிட்ஜ் கால்பந்துக் கிளப்பின் உடுப்புகளை இத்தனை வருடமாக இங்கேதான் தோய்க்கிறேன், ஒரு ஆட்டத்தையாவது முழுதாகப் பார்த்ததில்லை. மேசையில் உடம்பு துடைத்த ஈரத் துவாய்கள் குவிந்து கிடக்கின்றன. அதற்குக் கீழே அந்தப் பை இருக்கிறது. அதை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம், வைக்கக் கை போகவில்லை, துவாயைத் தூக்கினால் அது இன்னும் அங்கே இருப்பதைப் பார்க்க வேண்டி வரும். வீட்டில் அடுப்பை நிறுத்தினேனா. நிறுத்தினேன், பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தேன், பார்த்தது இன்றைக்கா நேற்றா. அவன் பார்த்திருப்பானா. காலையில் வாசலில் நின்றபோது மார்ட்டின் அந்தப் பையைப் பார்த்திருப்பானா, பார்த்திருந்தால் அப்படிச் சிரித்திருப்பானா.

எங்கள் கிளப்பில் பயிற்சியாளருக்கென்று இருப்பது ஒரே ஒரு கோட்டுத்தான், முழங்கால்வரை வருகிற தடித்த கறுப்புக் கோட்டு, மழைக்கும் குளிருக்கும் மைதான விளிம்பில் நிற்கிறபோது போடுவது. பணக்காரக் கிளப்புகளில் ஆளுக்கொன்று புதிதாக வாங்குவார்களாம். இங்கே ஆள்தான் மாறும், கோட்டு மாறாது. நெஞ்சில் இடப்பக்கம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு, வெள்ளை ரப்பரில். வருகிறவனுக்கு ஒட்டுவது நான், போகிறவனுக்கு ஆவி காட்டி மெல்ல உரித்தெடுப்பதும் நான். உரித்த பிறகும் துணியில் எழுத்தின் தடம் நிற்கும், வெயில் மழை படாத இடம் கறுப்பாகவே இருக்கும், மற்ற இடம் வெளிறிப்போயிருக்கும். அதனால் புது எழுத்தைச் சரியாகப் பழைய தடத்தின் மேலேயே வைக்க வேண்டும், தடம் வெளியே தெரியக்கூடாது, அதுதான் கெவின் சொல்லித் தந்த முறை. கெவின்தான் உடுப்புகளுக்குப் பொறுப்பு. காலையில் அவன் வந்து மேசையில் பையை வைத்தான், உள்ளே இரண்டு எழுத்துகள், இப்போதைய பயிற்சியாளன் மார்ட்டின் ஓல்ட்ராய்டின் எழுத்துகள் இல்லை. திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம், மேலிடத்தில் முடிவெடுத்தாயிற்றாம், இன்றைக்கு என்ன நடந்தாலும் முடிவு அதுதானாம், ஆட்டம் முடிந்த பிறகு ஆளைக் கூப்பிட்டுச் சொல்வார்களாம், நான் வாயைத் திறக்கக்கூடாதாம். இதையெல்லாம் அவன் என் முகத்துக்குச் சொல்லவில்லை, சவர்க்காரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் போன பிறகு எழுத்துகளை நான் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடையில் மார்ட்டினின் சப்பாத்துச் சத்தம், ஒரு கால் கொஞ்சம் இழுத்து வைக்கிற சத்தம், முழங்கால் போன பிறகு வந்த நடை. நான் பையை மேசையில் போட்டுக் கைக்கு அகப்பட்ட துவாய்களை அள்ளி அதன் மேல் எறிந்தேன். அவன் கோட்டை எடுத்துப் போட்டான், என் தேத்தண்ணியில் பாதியைக் குடித்தான், எப்போதும் போல அதைச் சொன்னான். அவனுடைய மொழியில் நீ, நீங்கள் என்று பிரிவில்லை, நான்தான் இத்தனை வருடமாக அதை எங்கள் பேச்சாக்கி மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். இண்டைக்குச் சத்தம் வரும், யோகி, பயப்பிடாதேங்கோ.

அந்தச் சொல்லை மார்ட்டின் தொடங்கியது அவனுடைய பத்தொன்பது வயதில், இங்கே விளையாடிய காலத்தில். அப்போது நான் இந்த ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை, கணவரோடு வேலை செய்த யாரோ சொல்லித்தான் இங்கே சேர்ந்தேன், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போய்விட்டது, குண்டு விழுந்து பள்ளிக்கூடமே போய்விட்டது, சுவரும் இல்லை, இங்கிலிஷ் எழுத்தை நான் படித்தது ஆம்பிளைகளின் முதுகுகளில் ஒட்டி ஒட்டித்தான். முதல் சனிக்கிழமை. இதே கதிரை. ஒன்றும் இல்லாமல் இருந்துகொண்டிருந்த கூரை திடீரென்று என் தலைக்கு மேலே இடிந்தது, ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் குதித்தன, விளக்கு ஆடியது, தூசி கொட்டியது. யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு முன்னாலேயே உடம்பு போய்விட்டது, மேசைக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து வைத்தால் காது கிழியாது என்று அப்பா சொல்லித் தந்தது. அடுத்தது எங்கே விழும் என்று எண்ணிக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது, மெஷின் தானாக நின்று மணியடித்தது, பிறகு இரண்டு சேற்றுக் கால்கள் வந்தன. மற்றவர்கள் உடுப்பை மாற்றுகிற அறைத் தரையில் எறிந்துவிட்டுப் போவார்கள், அவன் மட்டும் தன்னுடையதைத் தானே கொண்டு வருவான், வீட்டில் தாய் ஒரு முட்டைப் பண்ணையில் வேலை செய்துகொண்டு அண்ணன் தம்பி ஐந்து பேருக்குத் தோய்த்தவளாம், பிறகு சொன்னான். குனிந்து பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அடுத்த நாள் வந்திருக்க மாட்டேன். அந்தச் சேற்று உடம்போடு அவனும் மேசைக்குக் கீழே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், உயரமான பெடியன், கழுத்தை வளைத்துக்கொண்டு, கையால் மேலே காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, நான் என்றான், அது நான் செய்த சத்தம் என்றான். எனக்கு விளங்கவில்லை. ஒரு துவாயை உருட்டிப் பந்தாக்கி மெஷினின் திறந்த வாய்க்குள் இடக்காலால் அடித்துக் காட்டினான். அப்போது விளங்கியது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனான். அது எனக்குச் சொன்ன ஆறுதல், அதோடு வாலிபத் திமிரும்தான், கோல் போடுவேன் என்று யாருக்காவது சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது, எனக்குச் சொன்னான். சொன்னபடி போட்டான். பாவம் அந்த வருடத்துக் கோல்காப்பாளர்கள். கூரை இடிக்க இடிக்க எனக்குப் பயம் போய், இல்லை, போகவில்லை, பயம் வந்த பிறகு அதன் பின்னால் ஒரு சிரிப்பும் வரப் பழகிவிட்டது.

டெலிபோன். கணவர். அவர் குரலில் குதூகலம் இருக்கிறது, வானொலியை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். இஞ்சேரும், உம்மட மருமகன் இண்டைக்கும் கவிழ்த்திட்டாராம், என்றார். இன்னும் முடியேல்லை, என்றேன். முடிஞ்ச மாதிரித்தான், எழும்பி நிண்டு கத்துறாராம், பெடியள் நடந்து திரியுறாங்களாம், ஆளைத் துரத்தப்போறாங்கள் எண்டு அறிவிப்பாளரே சொல்லுறார், என்றார். பிரஷர் குளிசை போட்டனீங்களோ என்று கேட்டேன். போட்டாராம். அடுப்பைப் பாருங்கோ என்றேன். நிற்பாட்டித்தான் இருக்காம். வைத்துவிட்டேன். மார்ட்டினை மருமகன் என்பது பழைய பகிடி, எங்களுக்குப் பெண்பிள்ளையே இல்லை. ஆனால் மார்ட்டின் பெரிய நகரத்துக் கிளப்புக்குப் போனபோது மூன்று வருடம் சனிக்கிழமைகளில் கூரை சும்மா இருக்க, இதே மனுசன்தான் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் எழும்பி நின்று கைதட்டினார், பாரும் பாரும் எங்கட பெடியன் என்று என்னைக் குசினியிலிருந்து கூப்பிட்டார், நான் வந்து பார்க்கும்போது அவன் யாருடைய தோளிலோ இருப்பான், அந்த வெள்ளை உடுப்பில் ஒரு சேறும் இருக்காது, அங்கே புல் அப்படியாம். எனக்கு அது யாரோ மாதிரி இருந்தது. பிறகு அந்த முழங்கால். அதைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், கால் போகக்கூடாத பக்கம் போனதை மெதுவாகப் போட்டுக் காட்டினார்கள், நான் அறையை விட்டு எழும்பிப் போய்விட்டேன். இரண்டு முறை வெட்டினார்கள். இனி நடந்தால் போதும் என்றார்களாம். அவன் திரும்பி வந்தான், இங்கே, எங்களிடம், பழைய வேகம் இல்லை, முன்பு ஓடி அடைந்த இடத்துக்கு இப்போது முன்கூட்டியே போய் நின்றுகொள்ளப் பழகிவிட்டான் என்று கெவின் சொன்னான். எனக்கு அது உடுப்பில் தெரிந்தது, சறுக்கிய புல்தடங்கள் குறைந்துவிட்டன, முதுகில் மற்றவர்களின் கைச்சேறு கூடிவிட்டது, எல்லாரும் அவனைப் பிடித்து இழுத்தார்கள் போல. நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்குகிறதா நிற்கிறதா என்ற அந்தக் கடைசி ஆட்டத்தில், கடைசி நேரத்தில், இந்தக் கூரையிலிருந்து ஒரு காரைத் துண்டு பெயர்ந்து என் வாளிக்குள் விழுந்தது. அதை நான் வைத்திருக்கிறேன், பட்டன் டப்பாவுக்குள். அந்த நொண்டிக் காலால் போட்டது.

இப்போது என்ன. கால்கள் தேய்கின்றன. ஆட்கள் எழும்பிப் போகிறார்கள், முடிய முன்னாலேயே, படிகளில் இறங்குகிற சத்தம், கடைசி வரிசைக் கிழவர்கள் இல்லை, நடுவில் இருக்கிறவர்கள். போகட்டும். போகிறவர்கள் யாருக்கும் தெரியாது, எனக்கு ஆறு வாரத்துக்கு முன்னாலேயே தெரியும், பத்திரிகையில் வருவதற்கு முன்னாலேயே பெடியளின் கால் சொக்ஸ் சொல்லிவிட்டது. அவன் விளையாடுகிற காலத்திலேயே சொக்ஸை நேராகத் திருப்பித்தான் கூடைக்குள் போடுவான், உள்பக்கம் வெளியே வந்து பந்தாகச் சுருண்ட மற்றவர்களின் சொக்ஸுக்குள் சேறும் முடியும் அப்படியே நிற்கும், ஒவ்வொன்றாகக் கைவிட்டுத் திருப்ப வேண்டும், குளிர்காலத்தில் என் விரல் வெடித்து இரத்தம் வரும், அதை அவன் ஒருநாள் பார்த்தான். பயிற்சியாளராக வந்த முதல் வாரம், ஆட்டத்தைப் பற்றி என்ன சொன்னானோ தெரியாது, சொக்ஸைத் திருப்பிப் போடாதவன் வந்து யோகிக்கு முன்னால் நின்று தானே திருப்ப வேண்டும் என்று சொன்னானாம். இரண்டு பேர் வந்தார்கள். பெரிய கூலி வாங்குகிற ஒருத்தன், இதுக்கெல்லாம் ஆள் இருக்குத்தானே என்று முனகிக்கொண்டு நின்றான், நான் கதிரையைக் காட்டினேன், இருந்து திருப்பினான், மூன்றாவது சொக்ஸில் சிரித்துவிட்டான். அந்த வருடம்தான் நாங்கள் மேல் பிரிவுக்கு ஏறினோம், நகரமே தெருவில் நின்றது, திறந்த பேருந்தில் அவன் போனபோது நான் கூட்டத்தின் பின்னால் குடையோடு நின்றேன், கை காட்டினான், எனக்குத்தான் என்று இல்லை, ஆனால் என் பக்கம்தான். பிறகு மேல் பிரிவில் எங்களுக்குப் பலம் போதவில்லை. தோற்றோம், தோற்றோம், நல்ல பெடியளை விற்றார்கள், புதியவர்கள் வந்தார்கள், ஒரு சனிக்கிழமை கூடையைக் கவிழ்த்தபோது பாதிச் சொக்ஸ் பந்தாகக் கிடந்தது. அடுத்த முறை எல்லாம். நான் அதை அவனுக்குச் சொல்லவில்லை, இருந்து திருப்பினேன், திருப்பிய சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு திருப்பினேன். அவர்கள் அவன் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. மனசுக்குள் நான் அவன் என்றுதான் சொல்கிறேன், அந்த ஆளுக்கு நாற்பது தாண்டி, தலை நரைத்து, அவனுக்கென்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. இன்றைக்குப் போய்விட்டான் என்றால் எங்கே போவான். எனக்கு என்ன ஆகும். அதை யோசிக்கக்கூடாது, எனக்கு ஒன்றும் ஆகாது, வருகிறவனுக்கும் உடுப்பு அழுக்காகும். ஆனால் சொல்லியிருக்க வேண்டுமா. காலையில் கையைப் பிடித்து, மார்ட்டின், உங்களுக்கு இப்படிச் செய்யப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தால், மற்றவர்களிடம் கேட்டு அவமானப்பட முன்னாலே என் வாயால் கேட்டிருப்பான். சொல்லியிருந்தால் இந்த ஆட்டத்தை அவன் எப்படி நின்று நடத்துவான். ஒன்றும் தெரியாமல் மழைக்குள் நின்று கத்துகிறான், பாவி, சத்தம் வரும் என்று எனக்கு வேறு சொல்லிவிட்டு. ஆறு வாரமாகச் சொல்கிறான். ஆறு வாரமாக இந்தக் கூரை மரக்கட்டை. வரட்டும். கடவுளே, சந்நிதியானே, ஒன்று, ஒன்றே ஒன்று, வென்றிட வேண்டும் என்றில்லை, இந்த விளக்கு ஒருதரம் ஆடினால் போதும், ஆடினால் மேலிடத்துக்காரருக்கும் மனம் மாறாதா, மாறாது, கெவின் சொன்னானே, மாறாவிட்டாலும் ஆடட்டும், சும்மா கிடக்கிற கூரைக்குக் கீழாலே அவன் போகக்கூடாது, தோய்க்கிற மெஷினை நிறுத்துகிறேன், கேட்க வேண்டும், நிறுத்திவிட்டேன், மேலே ஒருத்தரும் மூச்சு விடவில்லை, ஏன் இவ்வளவு அமைதி, எல்லாரும் போய்விட்டார்களா, இல்லை, இருக்கைகள் மடங்குகின்றன, எழும்புகிறார்கள், ஒவ்வொருவராக இல்லை, சேர்ந்து எழும்புகிறார்கள், எதையோ பார்த்து

வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், முழங்கால் பாதி மடங்கிவிட்டது, வாய் தானாகத் திறந்துவிட்டது, விளக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறது, துவாய்களின் மேலே தூசி வெள்ளையாக விழுகிறது. கீழே போகவில்லை. இந்த முறை மேசைக்குக் கீழே போகவில்லை. சிரிப்புத்தான் வருகிறது, கண்ணும் எரிகிறது, தூசி. அதற்குப் பிறகு நீண்ட நேரம் கால்கள் உட்காரவே இல்லை, குதித்துக்கொண்டே நின்றன, பிறகு விசில். சமம். வெற்றி இல்லை. ஆனால் வந்தது.

கெவின் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்தான். மேல்மாடிக்கு மார்ட்டினைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கண்ணால் காட்டிவிட்டுப் போனான். நான் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். சேறு, சேறு, இப்படி ஒரு சேற்றை இந்த வருடம் நான் பார்க்கவில்லை, எல்லா உடுப்பிலும், கோல்காப்பாளனின் முதுகில்கூட. அதற்குள் சொக்ஸைத் தேடினேன். ஒன்றை எடுத்தேன், நேராக இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. நீளமாக, திருப்பி, பாதம் கீழே தொங்க, சிலர் அவசரத்தில் அரைவாசி திருப்பியிருந்தார்கள், ஆனால் எல்லாரும் திருப்பியிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து அவற்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது நடையில் அந்தச் சப்பாத்து, ஒரு கால் இழுத்து. கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். உள்ளே சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"கேட்டதோ?" என்றான்.

கேட்டது என்று தலையாட்டினேன். பயந்தீர்களோ என்று கேட்டான், கொஞ்சம் என்றேன். சொக்ஸைப் பார்த்தான், என் மடியில் அவை கிடந்ததைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். துவாய்கள் அப்படியே இருந்தன.

"இவ்வளவு வருசத்தில அந்த மேசையில நீங்கள் ஈரத் துவாய் வைச்சதை நான் காணேல்லை, யோகி."

எழுத்து ஒட்டுகிற மேசையில் ஈரம் பட்டால் ஒட்டாது, இந்தக் கிளப்பில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும், ஈரத்தோடு அந்தப் பக்கம் வருகிறவனை நானே விரட்டியிருக்கிறேன், அந்தப் பையை மறைக்க அதை நானே செய்து வைத்தேன். அப்போ காலையிலேயே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தேத்தண்ணி குடித்தான், தெரிந்துகொண்டுதான் அதைச் சொன்னான், தெரிந்துகொண்டுதான் மழைக்குள் நின்று அந்தப் பெடியளை ஓட வைத்தான், தனக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லாத ஓட்டம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், இங்கிலிஷ் எல்லாம் ஓடிப்போய்விட்டது. அவன் கோட்டை மேசையில் காய்ந்த பக்கமாகப் பார்த்து விரித்தான். இப்பவே எடுத்துவிடுங்கள், என்றான், திங்கட்கிழமை புது ஆளுக்கு முன்னால் நின்று நீங்கள் இதை உரிக்க வேண்டாம்.

ஆவி காட்டி உரித்தேன். துணியில் ஒரு நூல்கூட இழுபடவில்லை. இரண்டு எழுத்துகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், என் கையை ஒருமுறை பிடித்தான், விரல் வெடிப்புகளின் மேலே, போய்விட்டான். இழுத்து வைக்கிற கால் நடை முடியும்வரை கேட்டது.

இப்போது மேலே யாரும் இல்லை. துவாய்களை எடுத்து மெஷினுக்குள் போட்டேன், மேசையைத் துடைத்துக் கோட்டையும் நன்றாகக் காய வைத்தேன், பையைத் திறந்தேன். கோட்டில் அவனுடைய தடம் கறுப்பாகத் தெரிகிறது, நிறைய நாள் நின்ற எழுத்து, நிறைய மழை. புது எழுத்தைச் சரியாக இதன் மேலே வைக்க வேண்டும், அதுதான் முறை. வைத்துப் பார்த்தேன். நன்றாக மூடுகிறது. எடுத்தேன். ஒரு கை அகலம் கீழே இறக்கி வைத்தேன், நேராக இருக்கிறதா என்று பார்த்தேன், சூட்டு மெஷினை அமுக்கினேன். திங்கட்கிழமை கெவின் ஏசுவான். பழைய எழுத்து தெரியுதே என்று கத்துவான், கணவரும் கேட்டால் உமக்கு ஏனப்பா இந்த வேலை என்பார், வேலையே போகலாம், போனால் வீட்டு வாடகை, குளிசை, எல்லாம். அமுக்கியதை எடுத்துப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருக்கிறது. அதற்கு மேலே மார்ட்டினும் இருக்கிறான். மெஷினின் சுவிட்சை நிறுத்தினேன், தொட்டுப் பார்த்தேன், கதவு வரை போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை தொட்டுப் பார்த்தேன்.